அரைச்சுவருக்கு அந்தப் பக்கம்

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. அந்தப் பெயரை இந்த ஊரில் தேவைக்கு மேலாகவே சொல்லிவிட்டார்கள். பஸ்ஸில் ஏறினால் சொல்கிறார்கள், மீன் சந்தையில் சொல்கிறார்கள், ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று சொல்கிறார்கள். நான் ஒருத்தி சொல்லாமல் விட்டால் அந்தப் பெயருக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

துறைமுகத்துக்குக் கிட்ட இருக்கும் எங்கள் கத்தோலிக்க ஆரம்பப் பாடசாலையில் முதலாம் வகுப்பு இரண்டு. ஏ வகுப்பு அவருடையது, பி வகுப்பு என்னுடையது. நடுவில் ஓர் அரைச்சுவர். அந்தப் பக்கம் நடப்பதெல்லாம் இந்தப் பக்கம் கேட்கும், எழும்பி நின்றால் கண்ணுக்கும் தெரியும். அந்தச் சுவரைக் கட்டிய மேசன் இன்னும் கொஞ்சம் சீமெந்து செலவழித்துக் கூரைவரைக்கும் உயர்த்தியிருந்தால் என் ஆசிரிய வாழ்க்கை நிம்மதியாகப் போயிருக்கும்.

அவர் என்னைவிட நன்றாக மூத்தவர். இப்போது ஓய்வு பெற்றுப் போய்விட்டார். "அவர்" என்று மரியாதையாகத்தான் எழுதுகிறேன். மனதுக்குள் அந்த மரியாதையை எந்நேரமும் கொடுத்தேன் என்று சத்தியம் பண்ணமாட்டேன்.

எனக்கு ஏன் அவரில் இவ்வளவு எரிச்சல் என்று கேட்டால், முதலில் என் பக்கத்து நியாயத்தைச் சொல்லவேண்டும். என் எழுத்து அழகு. கரும்பலகையில் நான் "அ" எழுதினால் அதை அழிக்க எனக்கே மனம் வராது. அவருடைய எழுத்து ஈரமணலில் நண்டு ஓடினது மாதிரி இருக்கும். நான் மணி அடிக்க முதலே வகுப்பில் நிற்பேன். அவர் செபம் தொடங்கின பிறகு, சேலைத் தலைப்பில் வேர்வையைத் துடைத்துக்கொண்டு பின்வரிசையில் வந்து சேருவார். பாட்டுச் சொல்லிக்கொடுத்தால் சுருதி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். பாடத்திட்டத்தில் எப்போதும் என் வகுப்பை விடப் பின்னுக்குத்தான். இவ்வளவும் இருந்தும், ஒவ்வொரு வருஷமும் முதல் தவணை தொடங்க முதல், தாய்மார் அதிபர் சிஸ்ரரின் அறைக்கு முன்னால் வந்து நின்று ஒரே கதைதான்.

"சிஸ்ரர், பிள்ளையை ஏ வகுப்புக்கு மாத்தித் தர ஏலாதா?"

அதை அந்த அறைக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும் பி வகுப்பு ரீச்சருக்கு எப்படி இருக்கும் என்று ஒரு தாயும் யோசித்ததில்லை.

அவரிடம் அப்படி என்ன இருந்தது? சொல்கிறேன். பிள்ளைகள் எதைச் சொல்லிக் கூப்பிட்டாலும் அவர் "ஓம்" என்பார். அவ்வளவுதான்.

முதலாம் வகுப்புப் பிள்ளைக்கு வாய் தடுமாறும். வீட்டிலிருந்து வந்த புதிதில், கவனிக்காமல், ரீச்சரை "அம்மா" என்று கூப்பிட்டுவிடும். இது எல்லாப் பள்ளிக்கூடத்திலும் நடப்பது. நான் உடனே திருத்துவேன். "அம்மா இல்லை, ரீச்சர் எண்டு சொல்லுங்கோ." பிள்ளை வெட்கப்பட்டு "ரீச்சர்" என்னும். சரியான முறை அதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அவர் திருத்தவேமாட்டார். "அம்மா" என்றால் "ஓம் மகள்." கிண்ணியாவிலிருந்து பாலம் தாண்டி வரும் முஸ்லிம் பிள்ளை ஒன்று "உம்மா" என்றது. அதற்கும் "ஓம் மகன்." அம்மம்மாவோடு வளர்ந்த பிள்ளை "அம்மம்மா" என்றது. அதற்கும் ஓம். ஒருநாள் ஒரு பொடியன், அவன் வான் வண்டியில் வருகிறவன், அழுகையோடு "டிரைவர் மாமா, வீட்டை போவம்" என்று அவருடைய சேலையைப் பிடித்து இழுத்தான். நான் சுவருக்கு இந்தப் பக்கத்தில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன், இதற்கு என்ன சொல்கிறார் பார்ப்போம் என்று.

"ஓம் மகன், போவம். இந்தப் படத்துக்கு நிறம் அடிச்சு முடிச்சதும் வானை எடுக்கிறன்" என்றார்.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிறம் அடிக்கப் போனான். என் வகுப்பில் அன்றைக்கு மூன்று பேர் அழுதுகொண்டிருந்தார்கள்.

இதெல்லாம் தொழில் எரிச்சல். சமாளிக்கலாம். என் மகள் ஜெனோஷா முதலாம் வகுப்புக்கு வந்த வருஷம்தான் அது வயிற்றெரிச்சலாக மாறியது.

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு ரீச்சரின் பிள்ளையை அந்த ரீச்சரே படிப்பிக்கக்கூடாது. அது பழைய வழக்கம். இரண்டே வகுப்பு இருக்கும் இடத்தில் நான் பி வகுப்பு என்றால், என் பிள்ளை எங்கே போகவேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. அதோடு இன்னொரு வழக்கமும் உண்டு. பள்ளிக்கூடக் கேற்றுக்கு உள்ளே வந்துவிட்டால் பிள்ளை தாயை "ரீச்சர்" என்றுதான் கூப்பிடவேண்டும். மற்றப் பிள்ளைகளுக்கு ஏக்கம் வரக்கூடாது என்பதற்காக எந்தக் காலத்திலோ ஒரு பெரிய சிஸ்ரர் போட்ட சட்டம் அது.

நான் சட்டத்தை மீறுகிற ஆளில்லை. மார்கழி விடுமுறை முழுக்க ஜெனோவுக்கு வீட்டில் பயிற்சி கொடுத்தேன். குசினியில் நிற்கும்போது "அம்மா, பசிக்குது" என்று வருவாள். "எப்பிடிக் கூப்பிட வேணும்?" என்பேன். "ரீச்சர், பசிக்குது" என்பாள். பிறகுதான் பிட்டு. என் கணவர்கூடச் சிரித்தார். "பிள்ளையை ஆமிக்கோ அனுப்புறாய்?" என்றார்.

தவணைக்கு முன்னால் வகுப்பறை கழுவ எல்லாரும் பள்ளிக்கூடம் போன நாள், இந்தப் பயிற்சியைப் பெருமையாக மற்ற ரீச்சர்மாரிடம் சொன்னேன். அவர் விளக்குமாறை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, வீட்டில இதைப் பழக்காதேங்கோ."

"ஏன் ரீச்சர்?"

"பள்ளிக்கூடத்தில மாறிச் சொன்னா ஒருத்தரும் கழுத்தை வெட்டமாட்டினம். வீட்டில வேண்டாம்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் பிள்ளையை வருஷம் முழுக்கக் கையில் எடுக்கப்போகிறார். அது போதாதென்று வீட்டுக்குள்ளும் புத்தி சொல்ல வருகிறாரே என்று நினைத்தேன். "பாப்பம் ரீச்சர்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு போனேன். பயிற்சியை நிறுத்தவில்லை.

முதல் நாள் கால்கோள் விழா. புதிதாக வரும் பிள்ளைகளை இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் கேற்றில் எதிர்கொண்டு, மாலை போட்டு, கைபிடித்து மாதா சுரூபத்தைக் கடந்து வகுப்புக்குக் கூட்டிவரவேண்டும். மாலை கட்டும் பொறுப்பு என்னுடையது. செவ்வந்தியும் மல்லிகையும் வாங்கி, ஒவ்வொரு பிள்ளையின் கழுத்துக்கும் அளவு யோசித்து, நானே கட்டினேன். விறாந்தைக் கம்பியில் வரிசையாகத் தொங்கவிட்டு, குத்துவிளக்கைப் பார்க்கப் போனேன். திரும்பி வந்தால் கம்பியில் வெறும் நூல்தான். இந்த ஊரில் மான்கள் ஆட்டைப்போலத் தெருவில் திரிகிறவை. யாரோ கேற்றைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். இரண்டு மான் என் மாலைகளைத் தின்று முடித்துவிட்டு, கடைசிப் பூ வாயில் தொங்க, என்னையே பார்த்துக்கொண்டு நின்றன.

கேற்றில் பெற்றோர், பங்குத்தந்தை, சிஸ்ரர் எல்லாரும் காத்திருந்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்போது அவர், வழக்கம்போலப் பிந்தி, வேர்வையோடு வந்து சேர்ந்தார். நூலைப் பார்த்தார், மானைப் பார்த்தார். நேரே புதுப் பிள்ளைகளிடம் போனார்.

"பிள்ளையள், உங்களுக்கு முதலே மான் வந்து ஒண்டாம் வகுப்பில சேர்ந்திட்டுது. மாலையையும் சாப்பிட்டிட்டுது. இப்ப என்ன செய்வம்? கையாலயே மாலை போடுவமா?"

இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொரு புதுப் பிள்ளையின் கழுத்தை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தார்கள். அழுதுகொண்டு நின்ற பிள்ளைகளெல்லாம் சிரித்தன. பெற்றோர் ஃபோனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். பங்குத்தந்தை "இதுதான் உண்மையான மாலை" என்று பிரசங்கத்தில் வேறு சொன்னார். அடுத்த வருஷத்திலிருந்து அதுவே பள்ளிக்கூட வழக்கமாகிவிட்டது. அதற்குக் கைமாலை என்று பெயர். நான் விடிய எழும்பிக் கட்டின மாலையைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் கேட்கவில்லை. அன்றைக்கு எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது என் மகள்தான்.

அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. இடைவேளைக்கு மணி அடித்திருந்தது. அரைச்சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஜெனோவின் குரல்.

"அம்மா! தண்ணிப் போத்தில் திறக்க ஏலாது."

நான் எழும்பிவிட்டேன். சட்டமெல்லாம் மறந்துபோய், "என்ன ஜெனோ" என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் அந்தப் பக்கத்தில் பதில் வந்தது.

"ஓம் மகள். கொண்டா."

ஜெனோ போத்திலை அவரிடம்தான் நீட்டிக்கொண்டு நின்றாள். என்னைக் கூப்பிடவில்லை. அவர் திறந்து கொடுத்தார். குடித்துவிட்டு நிமிர்ந்தபோது சுவருக்கு மேலால் என் முகத்தைக் கண்டாள். விடுமுறை முழுக்கப் பழகின பிள்ளையல்லவா, நேராக நின்றாள்.

"குட் மோர்னிங், ரீச்சர்" என்றாள்.

மற்ற ரீச்சர்மார் என்ன அழகாகப் பழக்கியிருக்கிறீர்கள் என்று பாராட்டினார்கள். நான் சிரித்தேன். அன்று பின்னேரம் வீட்டுக்குப் போய்ச் சேலைகூட மாற்றாமல் குசினிக்குள் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.

அதற்குப் பிறகு வீட்டில் அவருடைய கதைதான். ரீச்சர் இப்படித்தான் மாம்பழம் வெட்டுவா. ரீச்சர் காப்பில ஊசி கோத்து வைச்சிருக்கிறா, பட்டன் கழண்டா அதை எடுத்துக் குத்துவா. ரீச்சருக்குப் பாட்டு வராது, அதனால நாங்களும் பிழையாப் பாடலாம். "நானும் ரீச்சர்தானே" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். ஜெனோ நன்றாக யோசித்துவிட்டு, "நீங்கள் பி வகுப்பு" என்றாள்.

ஐந்து வயதுப் பிள்ளையின் வாயில் பி வகுப்பு என்று கேட்க எனக்கு எப்படியிருந்தது தெரியுமா? வெளிப்படையாகச் சொல்கிறேன், பொறாமை. புருஷன்மாரில் பொறாமைப்படும் பெண்களைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டிருக்கிறேன். எனக்கு அது வரவில்லை. இது வந்தது. அவர் வகுப்பில் சிரிப்புக் கேட்கும்போதெல்லாம் அதில் ஜெனோவின் சிரிப்பு எது என்று காது பிரித்துக்கொண்டிருந்தது. என் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் பாதி ரீச்சராகத்தான் இருந்தேன். மீதிப் பாதி சுவருக்கு அந்தப் பக்கம் நின்றது.

இரண்டாம் தவணையில் ஜெனோவுக்குக் காய்ச்சல். லீவு போட்டுப் பக்கத்தில் இருந்தேன். மத்தியானம், வெயில் யன்னலால் கட்டில்வரைக்கும் வந்திருந்தது. கண்ணை மூடியபடியே முனகினாள்.

"ரீச்சர்... தண்ணி..."

கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். என்னைக் கேட்கிறாளா, அவரைக் கேட்கிறாளா? அந்தச் சொல்லை நான்தானே இந்த வீட்டுக்குள் கொண்டுவந்தேன். அம்மா என்ற சொல்லை அவர் அங்கே எடுத்து வைத்திருக்கிறார், எனக்கு இங்கே மிஞ்சியிருப்பது இதுதான் என்று நினைத்தேன். தண்ணீரைப் பருக்கினேன். அன்றோடு வீட்டில் பயிற்சியை நிறுத்தினேன். ஆனால் பழகின நாக்கு நிறுத்தவில்லை. காய்ச்சல் மாறி எழும்பின பிறகும் வீட்டில் பாதி நேரம் ரீச்சர்தான். "அம்மா எண்டு கூப்பிடு, ஜெனோ" என்றால் தலையாட்டுவாள். பிறகு "சரி, ரீச்சர்" என்பாள்.

அவருடைய மகனை நான் கண்டது அதற்குப் பிறகு. துறைமுகத்தில் வேலை செய்கிற, மீசை வைத்த பெரிய ஆள். ஒருநாள் மோட்டார் சைக்கிளைக் கேற்றில் நிறுத்திவிட்டு, கையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கூட்டோடு விறாந்தையில் வந்து நின்றார்.

"ரீச்சர், கண்ணாடியை வீட்டில விட்டிட்டு வந்திட்டீங்கள்."

மகன் பகிடி பண்ணுகிறார் என்று நினைத்தேன். அவர் வாங்கிக்கொண்டு "சாப்பிட்டியா மகன்?" என்று கேட்டார். "ஓம் ரீச்சர்" என்றுவிட்டு மகன் போனார். பகிடி இல்லை. தினமும் பேசுகிற மாதிரித்தான் பேசினார்.

"என்ன ரீச்சர், உங்கட மகனும் உங்களை ரீச்சர் எண்டுதான் கூப்பிடுறாரோ?" என்று சிரித்துக்கொண்டு கேட்டேன். அவரைக் கேலி பண்ண எனக்கு இவ்வளவு நாளாக ஒன்றும் கிடைத்திருக்கவில்லை, விடுவேனா?

அவரும் சிரித்தார். "இஞ்ச படிச்சவன்தானே. பெரிய சிஸ்ரர் சரியான கண்டிப்பு. மாறிக் கூப்பிட்டிடுவான் எண்ட பயத்தில வீட்டிலயும் பழக்கினன். பிறகு அவனுக்கு வேற சொல் வாயில வரேல்ல." கண்ணாடியைச் சேலைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டார். "கலியாண வீட்டிலயும் 'ரீச்சர், ஆசீர்வாதம் பண்ணுங்கோ' எண்டுதான் காலில விழுந்தவன். எல்லாரும் சிரிச்சவை."

அந்தப் பக்கத்தில் ஒரு பிள்ளை "அம்மா, இவன் என்ட பென்சிலை எடுத்திட்டான்" என்றது.

"ஓம் மகள், வாறன்" என்று அவர் போய்விட்டார்.

நான் அப்போது பரிதாபப்பட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். இல்லை. எனக்குப் பயம்தான் வந்தது. ஜெனோவுக்கு மீசை முளைக்காது, ஆனால் கலியாணம் நடக்குமே என்று பயம். அந்தப் பயத்துக்கும் அவர்மேலேதான் கோபம் வந்தது. அன்று விளக்குமாறோடு நின்று சொன்னபோது, ஏன் வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாமே.

வருஷம் திரும்பியது. ஜெனோ இரண்டாம் வகுப்பு. புதுத் தவணை, புதுக் கால்கோள் விழா. இந்த முறை மாலை இல்லை, மானுக்கும் ஏமாற்றம். கைமாலை போடுகிற பிள்ளைகளில் ஜெனோவும் ஒருத்தி. அவளுடைய பங்குக்கு வந்தது சல்லிக் கிராமத்திலிருந்து வந்த ஒரு மீனவக் குடும்பத்துப் பொடியன். என் வகுப்புப் பிள்ளை.

வகுப்பு வாசலில் தாய்மார் நிறைந்து நின்றார்கள். அரைச்சுவருக்கு அந்தப் பக்கம் வழக்கமான கூத்து தொடங்கிவிட்டது. அம்மா, ஓம் மகள். அக்கா, ஓம் மகன். மாமி, ஓம் ஓம். வாசலில் நின்ற தாய்மாரின் கண்ணெல்லாம் மெல்ல மெல்ல அந்தப் பக்கம் திரும்புவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்தப் பக்கத்தில் ஜெனோ கூட்டிவந்த பொடியன், கதிரையில் இருக்கமாட்டேன் என்று அழுதான். சமாதானம் பண்ண அவனுக்கு முன்னால் குந்தினேன். அவன் என் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"அம்மா!" என்றான்.

திருத்தியிருக்கவேண்டும். வாயில் தயாராக இருந்தது. ஆனால் அந்தப் பக்கத்து ஓம்கள் காதுக்குள் விழுந்துகொண்டிருந்தன, தாய்மார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவரால் முடிந்தால் எனக்கு மட்டும் முடியாதா என்ற வீம்பு. முழுக்க முழுக்கப் போட்டிக்குத்தான் சொன்னேன்.

"ஓம் மகன்" என்றேன், அந்தப் பக்கத்துக்கும் கேட்கட்டும் என்று நன்றாகச் சத்தமாக.

பொடியன் அழுகையை நிறுத்திவிட்டான். அவனுக்குப் பின்னால் ஜெனோ நின்றாள். அவளுடைய முகம் மாறியது. உதடு இறுகி, கண் சின்னதாகி, மூக்கு விடைத்தது. அது எனக்கு நன்றாகத் தெரிந்த முகம். ஒரு வருஷமாக என் கண்ணாடியில் நான் பார்த்த முகம்.

அவள் பொடியனின் கையை என் தோளிலிருந்து பிடுங்கி எறிந்தாள்.

"அவ என்ட அம்மா!"

வாசலில் சிஸ்ரர் நின்றார். பள்ளிக்கூடத்துச் சட்டம், நான் மாதக்கணக்காகப் பழக்கின பழக்கம் எல்லாம் அந்த ஒரு சத்தத்தில் போய்விட்டது. புதுப் பிள்ளைக்குப் போடவேண்டிய கைமாலையை என் கழுத்தில் போட்டு இறுக்கிக்கொண்டு, இன்னொரு தரம் சொன்னாள்.

"என்ட அம்மா."

"ஓம்" என்றேன். பொடியன் மறுபடி அழத் தொடங்கினான், அழட்டும். எனக்கு இருந்த சந்தோஷத்தை ஒளிக்கப்போவதில்லை.

ஜெனோவைத் தூக்கிக்கொண்டு எழும்பினேன். அவளுக்கு மூன்று வயதானதிலிருந்து நான் அவளைத் தூக்கியதில்லை. எழும்பியதும் கண் தானாகவே அரைச்சுவருக்கு மேலால் போயிற்று, அவர் பார்த்தாரா என்று. பார்த்துக்கொண்டுதான் நின்றார். கையில் ஒரு பிள்ளையின் புத்தகப்பை. என்றைக்காவது ஒருநாள் இந்த மனுசி என்னைப் பார்த்துப் பொறாமைப்படவேண்டும் என்று எத்தனை நாள் ஆசைப்பட்டிருக்கிறேன். ஜெனோவின் முகத்தில் கண்டதை அவருடைய முகத்திலும் கண்டேன்.

"குடுத்து வைச்சனீங்கள் தங்கச்சி" என்றார்.

அவருக்குப் பின்னால் ஒரு புதுப் பிள்ளை "அம்மா" என்று கூப்பிட்டது. பதில் இல்லை. அன்றைக்கு மட்டும் அந்தப் பிள்ளை இரண்டாம் தரமும் கூப்பிடவேண்டி வந்தது.